கையை மறைக்கிற பிரேம்

என் கணவர் ஓய்வு பெற்றதும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். நான் நாற்காலியில் மாட்டிக்கொண்டேன். அசையாதே, சிரிக்காதே, தலையைத் திருப்பாதே என்று வாரக்கணக்கில் என் உயிரை வாங்கி, ஒருவழியாக என் படத்தை வரைந்து முடித்தார். "இது மட்டும் சுவத்துல ஏறலைன்னா இனிமே பிரஷ்ஷையே தொட மாட்டேன்" என்று சபதம் வேறு. தொடாவிட்டால் நாள் முழுக்கச் சமையலறையில் நின்று எனக்கு யோசனை சொல்வார். ஆகவே படம் சுவரில் ஏறியே தீர வேண்டும்.

பிரேம் கடைக்காரர் சட்டங்களின் மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். இவருக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கா?"

"இதுக்கு மேல அகலம்னா கதவு நிலைதான் சார்."

"அப்ப உள்ள ஒரு அட்டை வைங்க. கீழ்ப்பக்கம் நல்லா மறைக்கணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தின் கீழ்ப்பக்கம் இருப்பது என் கை.

"கையை எதுக்கு மறைக்கிறீங்க?"

"அது சரியா வரலைம்மா. கேரட் கட்டு மாதிரி இருக்கு" என்றார் காதோடு காதாக.

கடைக்காரர் நடுவில் வெட்டிய வெள்ளை அட்டையைப் படத்தின் மேல் வைத்தார். கை போனது. கீழே மட்டும் அகலமாக இருந்தால் அசிங்கம் என்று நாலு பக்கமும் கூட்டச் சொன்னார் இவர். தோள் போனது, காது போனது, கொண்டையும் போனது. மிச்சம் இருந்தது பாஸ்போர்ட் போட்டோ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதுகொடிய உக்காந்தது நான். மாட்டுறதா இருந்தா முழுசா மாட்டுங்க. இல்லைன்னா சுருட்டிப் பரண்மேல போடுங்க."

கடையிலேயே மெல்லிய கறுப்புச் சட்டத்தை நானே எடுத்து நீட்டினேன். அதிலேயே படம் முழுசாகக் கூடத்துச் சுவரில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை இவருடைய அக்கா வந்தார். என் நாத்தனாருக்கு ஒப்புக்குப் புகழவே வராது. இவர் ஓடிப்போய், கை தெரியாதபடி படத்தை ஒட்டி நின்றுகொண்டார். "தள்ளுடா" என்று தம்பியை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கை இவளோடதுதான். சுண்டு விரலை மடக்கி வெச்சிருக்கறதைப் பாத்தாலே தெரியுதே. அச்சு அசல்!"

இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மூஞ்சிதான் யாரோடதுன்னு தெரியலை" என்றார் அக்கா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவரோ அசரவில்லை. உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முகத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுடறேன். உக்காரு."

எனக்குத்தான் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று புரியவில்லை. இத்தனை வருடமாக மனுஷன் என் சுண்டு விரலைக்கூடக் கவனித்திருக்கிறார். முகத்தைத்தான் நிமிர்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. சரி, இப்போதாவது பார்க்கட்டும் என்று போய் உட்கார்ந்தேன்.