இடக்கைப் பிடி

துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த அன்புராசாவுக்கு, துவக்குச் சுடுகிற பெண்சாதி வாய்த்ததை என்னவென்று சொல்வது. மல்வேர்னில் அவர்கள் இருந்த தொடர்மாடியில் இந்தச் செய்தி பரவியபோது, வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சனத்துக்கு அவல் கிடைத்தது. "என்ன, வீட்டுக் காவலுக்கோ?" என்று லிப்ட்டுக்குள் கேட்டார்கள். "இனி மனுசியோட வாய் காட்டாதை ஐசே" என்று புத்தி சொன்னார்கள். அவனும் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

உண்மையில் அது காற்றால் சுடுகிற கைத்துப்பாக்கி. பத்து மீற்றர் தூரத்தில் தொங்கும் அட்டையின் கறுப்பு வட்டத்தில் ஓட்டை போடுவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. "இதைக் காட்டினால் குப்பை கிளறுகிற ரக்கூன்கூட விலகிப் போகாது" என்று கிளடிஸ் சொல்வாள். கிளடிஸ், நிரூபா வேலை செய்த ஸ்காபரோ மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அறுபது வயது வெள்ளைக்காரி. இளமையில் மாகாணத்துக்காகப் போட்டிகளில் சுட்டவள். அரிசிமணியளவு உதிரிகளைக் கை நடுங்காமல் பொருத்திக்கொண்டிருந்த நிரூபாவைக் கண்டு, "உனக்கு இந்தக் கை சும்மா கிடைத்திருக்கிறது, வீணாக்காதே" என்று தன் கிளப்புக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

இரண்டு வருசமாக ஒவ்வொரு செவ்வாயும் அன்புராசாதான் நிரூபாவைக் காரில் கொண்டுபோய் விடுவான். உள்ளே போய் மேலங்கிகள் தொங்கும் மூலையில் நின்றுகொள்வான். இருபது வயதில் ஒரு சோதனைச் சாவடியில், பிடரியில் குழல் அழுத்த ஒரு மணித்தியாலம் முழங்காலில் நின்றவன் அவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். துவக்கின் பக்கம் பார்க்கவே மாட்டான். நிரூபாவின் முகத்தைத்தான் பார்ப்பான். சுட்டு முடித்து வரும்போது அந்த முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதற்காக எத்தனை செவ்வாய் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

வீட்டில் இதைக் கொண்டாடிய ஒரே ஆள் நிரூபாவின் அப்பா நவரட்ணம். யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாரியில்தான் மகளோடு வந்து சேர்ந்தார். மகள் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "பிள்ளை, இண்டைக்கு எத்தினை?" என்று கேட்பார். நன்றாகச் சுட்ட அட்டைகளைத் திகதி எழுதித் தன் அறைச் சுவரில் ஒட்டிவைப்பார். அந்த மனுசன் பள்ளிக்கூடக் காலத்தில் மகள் தொண்ணூறு எடுத்தால் மிச்சப் பத்தும் எங்கே என்று கேட்டவர். முப்பத்திரண்டு வயதில் அப்பாவின் வாயால் முதல் தடவையாக "கெட்டிக்காரி" என்று கேட்ட நிரூபா, அன்றைக்குச் சோறு போடும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

அவளுடைய புள்ளி நானூறுக்கு முந்நூற்று நாற்பதில் வந்து நின்றுவிட்டது. ஆறு மாதமாக அதற்கு மேல் ஏறவில்லை. துவக்குத்தான் சரியில்லை என்று அவள் சொல்ல, "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்" என்று நவரட்ணம் பகிடி பண்ணினார். கிளடிஸோ நிரூபாவின் பக்கம் நின்றாள். கிளப்பின் துவக்கு எல்லாருடைய கைக்கும் பொருந்தவென்று செய்தது, அதனாலேயே ஒருவர் கைக்கும் பொருந்தாது, மார்ச் மாதப் போட்டிக்கு முன் சொந்தமாக ஒன்று எடு என்றாள்.

தொண்ணூற்றாறு ஒக்டோபரில் ஒரு செவ்வாய், கிளடிஸ் மூன்று துவக்குகளை மேசையில் பரப்பினாள். ஒன்று ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை மடித்துக் காற்றடைக்க வேண்டியது. நாற்பது குண்டு சுடுவதற்குள் தோள் விட்டுப்போகும். மற்றது காற்றுக் குப்பி பூட்டியது. ஆனால் முனை கனத்து, நீட்டிய கையைக் கீழே இழுத்தது. மூன்றாவதன் பாரம் பின்னால், மணிக்கட்டில் இருந்தது. நிரூபா அதைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடினாள். பத்து எண்ணித் திறந்தபோது முனை அசையாமல் அதே இடத்தில் நின்றது. "உதுதான்" என்றாள். விசையை அழுத்தும் பாரத்தையும் குறிபார்க்கும் தகட்டின் அகலத்தையும் தெரிந்தெடுத்தார்கள்.

பிறகு கிளடிஸ், "இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஓட்டை விட்டு, அந்த மணிக்கூட்டைப் பார்" என்றாள். நிரூபா பார்த்தாள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். இடக்கண்ணை மூடினால் மணிக்கூடு மறைந்தது.

"உனக்குக் குறி பார்க்கிற கண் இடக்கண். வலக்கையால் சுட்டுக்கொண்டு இவ்வளவு நாளும் கழுத்தைத் திருப்பி மல்லுக்கட்டியிருக்கிறாய். நீ உண்மையிலே வலக்கைக்காரிதானா?"

"ஓம், வலக்கைதான்" என்று நிரூபா ஆங்கிலத்தில் சொன்ன வேகத்தைக் கேட்டு, மூலையில் நின்ற அன்புராசா நிமிர்ந்தான். அவனுக்குத் தெரியும். பத்து வருசம் பக்கத்தில் படுத்தவனுக்குத் தெரியாதா? நித்திரையில் போர்வையை இழுப்பது இடக்கை. அலுமாரித் தட்டிலிருந்து போத்தல் சரிந்தால் பாய்ந்து பிடிப்பது இடக்கை. யாரும் இல்லாத நேரத்தில் வெங்காயம் அரிவதும் அதே கைதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவளோ ஆள் வந்தால் கத்தியைக் கை மாற்றிவிடுவாள்.

கிளடிஸ் படிவத்தைத் தட்டினாள். "கைப்பிடி இடமா வலமா என்று எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். ஜேர்மனியிலிருந்து வருவது, பிறகு மாற்ற முடியாது. வடிவாக யோசி."

அடுத்த நாள் நவரட்ணம் மோலுக்குக் கடை பார்க்கப் போயிருந்த நேரம், அன்புராசா சமையலறைக் கதவுகள் செய்யும் தன் வேலைத்தலத்திலிருந்து மரப்பசை இரண்டு உருண்டை கொண்டுவந்தான். மரத்தில் ஓட்டை அடைக்கிற களி. "வலக்கையில ஒண்டு, இடக்கையில ஒண்டு. கண்ணை மூடி இறுக்கிப் பிடியும்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே பிடித்தாள். விரித்தபோது வலக்கைக் களியில் பெருவிரல் மட்டும் ஆழப் பதிந்து, சின்ன விரல் தொட்டும் தொடாமலும் கிடந்தது. இடக்கைக் களியில் ஐந்து விரலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தன.

"பாரும் நிரூ. எனக்கு நீர் பொய் சொல்லலாம், களிக்குச் சொல்ல ஏலுமோ?"

அவளுக்குக் கோபம் வந்தது. "இடக்கையால ஒரு சாமானைக் குடுத்தாலே குத்தம் எண்டு வளர்ந்தனான் நான். எல்லாரும் பாக்க அதைத் தூக்கிச் சுடச் சொல்லுறியளோ?" கோபம் பாதி வழியில் அழுகையானது. அழுதழுது சொன்னாள். ஏடு தொடக்கின வருசம், பென்சிலை இடக்கையால் எடுத்தாளென்று, அப்பா அந்தக் கையைச் சால்வைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டாராம். சாப்பிடும்போதும், எழுதும்போதும். கிட்டத்தட்ட ஒரு வருசம். அடிக்கவில்லை, ஏசவில்லை, காலையில் எழும்பிக் கட்டுவார், படுக்கும்போது அவிழ்ப்பார்.

"இப்பதான் என்னப்பா அவர் என்னைக் கெட்டிக்காரி எண்டுறார். இதைக் கண்டால் அதுவும் போயிடும்" என்றாள்.

அன்புராசா மாமாவின் மேல் வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, களி ஒட்டிய அந்த இடக்கையை ஈரத் துணியால் துடைத்தான். விரலிடுக்கெல்லாம் துடைத்தான். "உம்மட கை. நீர்தான் சொல்லவேணும். எதைச் சொன்னாலும் செவ்வாய்க்கிழமை நான் கூட்டிக்கொண்டு போவன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் நவரட்ணம் வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நிரூபா சமையலறைத் தொலைபேசியில் கிளடிஸைக் கூப்பிட்டாள். கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "லெப்ட்" என்று ஒரே ஒரு சொல் சொல்லி, சுடுசட்டியைத் தொட்டவள்போல் றிசீவரை வைத்துவிட்டாள். அன்புராசா அவளைப் பார்க்காத மாதிரிக் கோப்பை கழுவினான்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அவள் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் பயிற்சி செய்தாள். தண்ணீர் நிரப்பிய போத்தலை இடக்கையில் நீட்டிப் பிடித்துச் சுவரைப் பார்த்து நிற்பாள். உடுப்பு எடுக்க வந்த சனம் இவளுக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்தது. கிளப்பில் இரவல் கைப்பிடி ஒன்றோடு இடக்கையால் சுட்டதில் புள்ளி முதலில் முந்நூறுக்குக் கீழே விழுந்தது. "ஏன் பிள்ளை, அட்டை ஒண்டும் வருகுதில்லை?" என்று நவரட்ணம் கேட்க, புதுத் துவக்கு வரட்டும் அப்பா என்று சமாளித்தாள்.

தை மாதக் கடைசியில் துவக்கு வந்தது. மரக் கைப்பிடியைத் தடிப்பாக, பெரிய ஆணின் கைக்கென்று விட்டிருந்தார்கள். ஆளுக்கேற்றபடி அராவி எடுக்க வேண்டும். அன்புராசா இரும்பைத் தொடவில்லை. நிரூபாவிடம் திருகாணியைக் கழற்றி மரத்தைத் தரச் சொல்லி, மரத்தை மட்டும் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனான். அதில் அவன் பிடித்த முறை கிளடிஸுக்கே தெரியாதது. நிரூபாவின் உள்ளங்கையில் சாமித் தட்டிலிருந்த குங்குமத்தைப் பூசி, மரத்தைப் பிடிக்கச் சொல்வான். சிவப்பு அழுந்தப் பட்ட இடத்தை அராவுவான்; சிவப்பே படாத பள்ளத்தில் பசை அப்புவான். காய்ந்ததும் மறுபடி குங்குமம், மறுபடி அராவல். பதினொரு தரம் இப்படி நடந்தது. ஒவ்வொரு தரமும் அந்தக் கையை விரித்துப் பார்த்ததில், பத்து வருசத்தில் காணாத ஒரு மச்சத்தைச் சுண்டுவிரல் அடியில் கண்டான். பன்னிரண்டாம் தரம் சிவப்பு எங்கும் ஒரேயளவாகப் பட்டது.

"இதுக்குள்ள இனி என்ர வலக்கை போகாது" என்றாள் நிரூபா. அவளே மரத்தைப் பூட்டச் சொல்லித் துவக்கை நீட்டியபோது, அன்புராசா முதன்முதலாக அந்த இரும்பைக் கையில் எடுத்தான். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஆணியை முறுக்கி முடித்தான்.

போட்டி மார்ச்சில், விட்பியில் ஒரு சமூக மண்டபத்தில். நவரட்ணம் விடிய முன்னமே கம்பளித் தொப்பியும் போட்டுத் தயாராக இருந்தார். வேண்டாம் குளிர், காத்திருக்கவேணும் என்று எதைச் சொல்லியும் கேட்கவில்லை. "என்ர பிள்ளை சுடுறதை நான் ஒருக்காலும் கண்ணால காணேல்லை" என்றார்.

நாற்பது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். பார்வையாளர் வாங்கில் மாமனுக்குப் பக்கத்தில் அன்புராசா இருந்தான். மணி அடித்தது. எல்லாப் பெண்களும் கையை உயர்த்தினார்கள். நிரூபா மட்டும் துவக்கை மேசையில் வைத்தபடி நின்றாள். ஐந்து நிமிடம் போயிற்று. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர், சுடு பிள்ளை என்பதுபோல் தலையாட்டினார். அவள் இடக்கையால் துவக்கை எடுத்தாள்.

நவரட்ணம் எழுந்து நின்றார். அன்புராசா அவருடைய முழங்கையைப் பிடித்து, "மாமா, இருங்கோ" என்றான். கெஞ்சலாகவும் எச்சரிக்கையாகவும் சொன்னான். அவர் இருக்கவில்லை. மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது குண்டும் முடியும்வரை நின்றார்.

முதல் பத்தில் எண்பத்தொன்று. அடுத்ததில் எண்பத்தெட்டு. பிறகு தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. மொத்தம் முந்நூற்று ஐம்பத்து நாலு. முப்பது பேரில் ஒன்பதாவது இடம். கிளடிஸ் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். நிரூபா அவளுடைய தோளுக்கு மேலால் அப்பாவைத் தேடினாள்; அவர் வெளியே போய்விட்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில், வெறுந்தலையோடு நின்றார். தொப்பி கையில் இருந்தது. நிரூபா பெட்டியை அன்புராசாவிடம் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் இடக்கையாலதான் சுட்டனான்."

"கண்டனான்." அவர் தொப்பியைக் கையில் மடித்தார். "பிள்ளை, அந்தக் காலத்தில நான் கையைக் கட்டேக்க நீ ஒரு நாளும் அழேல்லை. ஒருக்கா அழுதிருந்தாலும் அவிட்டு விட்டிருப்பன். சத்தியமா அவிட்டிருப்பன்."

"அழுதனான் அப்பா. கிணத்தடிக்குப் போய் அழுதனான். நீங்கள் கண்டால் கவலைப்படுவியள் எண்டு."

காற்று அடித்தது. அவள் கையுறை போடாமல் வந்திருந்தாள், விரல்கள் சிவந்துபோயிருந்தன. அவர் அவளுடைய மேலங்கிப் பைக்குள் கைவிட்டு அந்தக் கையுறைகளை எடுத்தார். வழக்கத்தில் வலக்கையைத்தான் அவள் நீட்டினாள்.

"அது இல்லை. மற்றதைக் கொண்டா" என்றார். இடக்கையை வாங்கித் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கி, ஒவ்வொரு விரலாகக் கையுறைக்குள் நுழைத்துவிட்டார். அன்புராசா காரை இயக்கிவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திருந்தான்.