நிறுத்தச் சொன்னது யார்

அப்துல் ரசாக் மாரடைப்பிலிருந்து பிழைத்தபோது டாக்டர் சொன்ன வைத்தியம் அவர் மனைவி ருக்கையாவுக்கு விளங்கவே இல்லை. காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை மாற்றி மாற்றி நீட்டி மடக்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். நாடி கொஞ்சம் வேகமாக ஓடும், பிறகு தானே அடங்கும், பயப்படாதீர்கள் என்றார். நாடி பிடிக்க அவளுக்கே கற்றுக் கொடுத்தார்.

ரசாக் ஒரே காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாளன்று சூலியா தெரு மாடி வீட்டிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குத் தொழ நடந்து போக வேண்டும்.

"ரிக்‌ஷா வெச்சுக்கலாமே?" என்றாள்.

"நடந்துதான் போவேன். தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு நாள் தனியா வரும்லா" என்று சிரித்தார்.

சில வாரங்களில் தெருமுனைக் காப்பிக்கடைவரை போய் வந்தார். அப்போதுதான் அவருடைய அக்கா சலேஹா பார்க்க வந்தாள்.

"அலாமா! என்னடா தம்பி, தொட்டில் புள்ள மாதிரி உதைச்சுக்கிட்டு? உட்கார்ந்து காலாட்டுனா வீட்டுல பரக்கத், செல்வம் தங்குமா?"

"பரக்கத் போனாப் போகுது லாத்தா, கால் வரட்டும்."

சலேஹா ருக்கையாவிடம் திரும்பினாள். "நோவு கண்ட நெஞ்சைப் போட்டு அடிக்க விடுறியே புள்ள!"

ருக்கையா கணவரின் மணிக்கட்டைத் தொட்டாள். நாடி தடதடத்தது. முன்பும் அப்படித்தான் தடதடத்திருந்தது. அன்று மட்டும் அவள் விரலை எடுக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் கடலுக்கு அக்கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்குத் தற்காலிக மாற்றலாகிப் போயிருந்தார். மறுநாள் காலை அவள் சொன்னாள்: "டாக்டர் ஆள் விட்டுச் சொல்லிட்டாருங்க. பயிற்சி போதுமாம். படுத்தே இருக்கணுமாம்."

"அவரா சொன்னாரு?"

"ஆமா."

அதற்குப் பிறகு பல வாரங்கள் சோறுகூடக் கட்டிலிலேயே ஊட்டினாள். நாடியைத் தொடும்போதெல்லாம் அது அமைதியாக ஓடியது. அதைத்தான் அவள் சுகம் என்று நம்பினாள்.

பெருநாள் காலையில் ரசாக் புதுக் கைலி உடுத்தி எழுந்து நின்றார். முழங்கால்கள் மடிந்தன. அவள் தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பார். பெருநாளுக்கு முந்தின வாரம்தான் திரும்பி வந்திருந்த டாக்டர் கூப்பிட்டதும் ஓடி வந்தார். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"சதையே இல்லையே! எழுந்து உட்கார்ந்ததுக்கே நாடி இப்படி ஓடுது. யாரு நிறுத்தச் சொன்னது?"

ரசாக் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர். சோம்பல்."

"மறுபடி ஆரம்பிங்க. ஆனா பழைய நடை வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

டாக்டர் போனபின் ருக்கையா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "நெஞ்சு அடிச்சதைப் பாத்துப் பயந்துட்டேங்க."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உங்கிட்டச் சொல்லல" என்றார். பிறகு, "சன்னலைத் திற. பள்ளிவாசல்ல ஓதுற தக்பீராவது கேக்கட்டும்."

திறந்தாள். தெருவில் வெள்ளை உடையில் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் அண்ணாந்து குரல் கொடுத்தார்: "ரசாக் காக்கா, இன்னும் கிளம்பலையா?"

அவர் ஏதாவது சொல்வார் என்று ருக்கையா காத்திருந்தாள். அவர் மணிக்கட்டை அவளிடம் நீட்டிவிட்டு, ஒரு காலை மெல்ல நீட்டி மடக்கினார்.