ஷாமிளாவின் சம்மதம்

யோகராஜுக்குப் படிப்பில் தோற்றுப் பழக்கமில்லை. கலவானைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்து, குருவிட்டவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சின்னதுரையாக, அதாவது உதவி முகாமையாளராக, வந்து சேர்ந்தவன் அவன். தோற்றுப் பார்க்க அவனுக்கு நேரம் ஏது? அதனால் முதுமாணிப் படிப்பில் முதல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தபோது, நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது.

பாடத்தின் பெயர் ‘முகாமையாளரின் சுயவிருத்தி’. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தினபுரி டவுனில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வகுப்பு. வங்கிக்காரர்களும் ஆடைத் தொழிற்சாலைக்காரர்களும் நிறைய. தோட்டத்திலிருந்து இவன் ஒருத்தன்தான். தன்னைத் தானே திரும்பிப் பார்த்து எழுத வேண்டும் என்றார்கள். இவன் நேர முகாமைத்துவத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தான். விரிவுரையாளர் ஸாஹிரா கடைசிப் பக்கத்தில் நாலே வரி எழுதியிருந்தார்: ‘இதில் மனிதர்களே இல்லை. உங்களால் யாருக்கு நோவு வந்தது? அந்த ஆளிடம் போய்க் கேளுங்கள். நியாயம் சொல்லாமல் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.’

இந்தப் பாடத்தில் சித்தியடையாவிட்டால் பெரியதுரைப் பதவிக்கான நேர்முகத்துக்கு அவன் பெயர் போகாது. கம்பனி அதைச் சொல்லித்தான் படிக்கவே அனுப்பியது.

யாருக்கு நோவு என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாசித்த உடனேயே, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஷாமிளாவின் முகம் வந்து நின்றுவிட்டது.

தோட்டத்து ரோட்டில் துரையின் வாகனம் வந்தால், ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு ஓரத்துக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். இன்றைக்கு அதை யாரும் சட்டமென்று சொல்வதில்லை. வேண்டாமென்றும் யாரும் சொல்வதில்லை. யோகராஜும் சொல்லவில்லை. வந்த முதல் வாரம் கூசியது. ஏனென்றால் அவனே தன் அம்மா தங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கானுக்குள் நின்றவன். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம், இறங்காமல் நின்ற ஒருத்தரைப் பற்றிக் கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தான். மரியாதை என்பது அவ்வளவு சீக்கிரம் நாக்கில் ஒட்டிக்கொள்கிற சாமான்.

போன வருஷம் ஆனி மாதத்து மழை. ஷாமிளாவுக்கு அப்போது ஏழு மாதம். தோட்டத்துக் கிளினிக்குக்குத் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் அவனுடைய மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் குடையை மடக்கினாள், வழக்கம்போலக் கானுக்குள் காலை வைத்தாள். பாசி பிடித்த கல். விழுந்துவிட்டாள். மூன்றாம் நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தே பிறந்தது. அவள் விழுந்ததைச் சின்னதுரை பார்க்காமலே போய்விட்டார் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவனும் அதை மறுக்கவில்லை. விசாரணையும் இல்லை, ஒன்றுமில்லை. ரோட்டில் வழுக்கி விழுகிறவளை யார் விசாரிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, யோகராஜ் அவளுடைய லயத்துக்கு நடந்தே போனான். மாமியார் ஜீவராணி வாசலிலேயே பதறிவிட்டாள். பிளாஸ்டிக் கதிரையைச் சேலைத் தலைப்பால் இரண்டு தரம் துடைத்து, “வாங்க தொரை, உக்காருங்க தொரை,” என்றாள். ஷாமிளா உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களும் உக்காருங்க ஷாமிளா,” என்றான்.

இத்தனை காலமும் நீ, வா, போ என்றுதான் அவளோடு பேசியிருக்கிறான். இந்த ‘நீங்க’வைக் கேட்டதும் அவளுக்குப் பயம்தான் வந்தது. அது முகத்தில் தெரிந்தது.

“அன்னைக்கு ரோட்டுல விழுந்தீங்களே, அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்.”

“அய்யோ தொரை,” என்று ஜீவராணி கையெடுத்துக் கும்பிட்டாள். “நாங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலியே. யூனியன்ல கூடச் சொல்லல.”

“பயப்படாதீங்கம்மா. இது என்னோட படிப்புக்கு. என்மேல என்ன தப்புன்னு அவங்க சொல்லணும். நான் குறுக்க பேச மாட்டேன்.”

“கமக் நே சேர்,” என்றாள் ஷாமிளா. பரவாயில்லை என்று சிங்களத்தில் சொன்னாள். துரைமாருக்கு முன்னால் அவர்கள் வாயில் முதலில் வருவது அந்த மொழிதான். காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்போது இவனும் சிங்களத்தில்தானே பேசுகிறான், தமிழில் பேசினால் லயத்து வாடை வந்துவிடும் என்று.

அவன் எழும்பவில்லை. ஜீவராணி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள். அவள் தலை மறைந்த பிறகு ஷாமிளா மெதுவாகத் தமிழில் சொன்னாள்:

“நீங்க பார்த்தீங்க சேர்.”

அவன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நீங்க பார்க்காம போயிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா நீங்க பைக்க நிப்பாட்டிட்டு, கால ஊனித் திரும்பிப் பார்த்தீங்க. நான் கைய நீட்டுனேன். நீங்க கைக்கடிகாரத்துல மணியப் பார்த்தீங்க. அப்புறம் போயிட்டீங்க.”

அத்தனையும் நடந்ததுதான். பெரியதுரையின் பங்களாவில் கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. பின்னால் வருகிற பெண்கள் யாராவது தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தான். அவள் முகத்தை மழை மறைத்திருக்கும், தன் முகத்தையும் மறைத்திருக்கும் என்று இந்தப் பதினாறு மாதமும் நம்பிக்கொண்டு சாப்பிட்டான், தூங்கினான்.

“கேட்டீங்க, சொல்லிட்டேன்,” என்றாள். “ஆனா இத எழுதாதீங்க சேர்.”

“பேரு போட மாட்டேன் ஷாமிளா.”

“பேருக்காகச் சொல்லல. அந்தப் புள்ளைக்குன்னு எங்கிட்ட ஒரு சட்டை கூட இல்ல. முன்கூட்டி வாங்கக் கூடாதுன்னு மாமி சொல்லிட்டாங்க. போட்டோவும் இல்ல, பேரும் வைக்கல. அன்னைக்கு நடந்தது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. அதையும் ஒங்க படிப்புக்குன்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

“எழுத மாட்டேன்,” என்றான். அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வந்தவன், கேட்காமலே இறங்கிப் போனான்.

சனிக்கிழமை பகல் முழுவதும் வேறு எதையாவது எழுதப் பார்த்தான். லீவு கேட்ட கங்காணியை ஏசியதை எழுதினான். வாசித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லை. டிரைவரைச் சந்தேகப்பட்டதை எழுதினான். அது இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, சும்மா எழுதிப் பார்ப்போம், கொடுக்கவா போகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மழையும் கானும் மணிக்கூடும் பற்றி எழுத ஆரம்பித்தான். கை நிற்கவேயில்லை. பிள்ளைக்குச் சட்டை வாங்காததைக் கூட விடாமல் எழுதினான். எழுதி முடித்தபோது அழுதிருந்தான். இவ்வளவு அழுதவன் கெட்டவனாக இருக்க முடியாதென்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்புத்தான் அவனைக் கவிழ்த்தது; காலையில் அதையே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அதற்கடுத்த ஞாயிறு ஸாஹிரா அந்தக் கட்டுரையின் ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்தார். ‘நான் கையை நீட்டினேன், நீங்கள் மணியைப் பார்த்தீர்கள்’ என்ற இடத்தில் முன்வரிசையிலிருந்த வங்கி முகாமையாளர் பரிமளம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வகுப்பிலேயே கூடிய புள்ளி அவனுக்குத்தான். கை தட்டினார்கள். இப்படி உண்மை பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்றார்கள். யோகராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்க அருவருப்பாகவும் இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

இடைவேளையில் ஸாஹிரா அவனைக் கூப்பிட்டார்.

“யோகராஜ், சம்மதப் படிவம் பின்னுக்கு இல்லையே. அந்தப் பொண்ணுக்கிட்ட கேட்டுத்தானே எழுதினீங்க?”

“ஓம் மேடம். கேட்டேன்.”

“சரின்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க. கையெழுத்தும் வச்சாங்க. ஃபோம் குவாட்டர்ஸ்ல இருக்கு.”

“அடுத்த கிழமை கொண்டு வாங்க. அது இல்லாட்டி நான் புள்ளியை அனுப்ப ஏலாது.”

திங்கட்கிழமை பகல். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷாமிளாவின் முறை வந்து நிறுத்து முடிந்ததும், யோகராஜ் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். கையில் ஒரு தாள்; முழுக்க ஆங்கிலம். இது என்ன சேர் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது, தாளைக் கிழித்துப் போட்டுவிடுவது, படிப்பு போனால் போகட்டும் என்று பெரட்டிலிருந்து மடுவம் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்திருந்தான்.

அவள் தாளைப் பார்த்தாள். அவன் முகத்தையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“எங்க சேர் வைக்கணும்?”

தோட்டத்தில் துரை நீட்டுகிற தாளில் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. எங்கே வைக்க வேண்டுமென்றுதான் கேட்பார்கள். அவன் இடத்தைக் காட்டினான். அவள் சிங்கள எழுத்திலே தன் பெயரை மெதுவாக எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

திகதிக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. யோகராஜ் மடுவத்து மேசையில் தாளை வைத்து, தான் அவளுடைய லயத்துக்குப் போன அந்த வெள்ளிக்கிழமையின் திகதியை எழுதினான்.