ஒன்றரை மைல் குடிபெயர்வு

இரும்பு பீரோ முன்வாசலின் மூன்றாவது மரப்படியை உடைத்த சத்தம் நிலவறைவரை கேட்டது. அங்கே முடி வெட்டிக்கொண்டிருந்த நோரீன் கத்தரியை நிறுத்தவில்லை. சிவப்பு நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த எண்பது வயது பெர்னீஸ்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை. மேலே துப்பாக்கிக் கிளப்பைச் சேர்ந்த நான்கு ஆண்கள் தோள்பட்டையில் வார் மாட்டிக்கொண்டு, அந்த பீரோவை "இப்படி, அப்படி, ஏய் விரலு" என்று கத்திக் கத்தி இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த துப்பாக்கிகளை முன்பே வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வெறும் பீரோவே எட்டு ஆள் எடை. இருபத்திரண்டு வருஷம் முன்னறையின் மூலையில் நின்றது. இன்று அது மிசிசிப்பியைத் தாண்டி அயோவாவுக்குக் குடிபோகிறது, கூடவே நோரீனின் கணவன் வெர்லினும்.

"என்ன கண்ணு, வீடு இடிஞ்சு விழுதா?" என்றாள் பெர்னீஸ்.

"வீடு நல்லாத்தான் இருக்கு பெர்னீஸ். ஆளுதான் கழண்டு போகுது. தலையை ஆட்டாதீங்க."

சற்று நேரத்தில் வெர்லின் நிலவறைப் படிகளில் பாதிவரை இறங்கி வந்து நின்றான். அறுபத்திநான்கு வயது. டிராக்டர் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வெல்டிங் செய்த கை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். பெர்னீஸுக்காகவா தனக்காகவா என்று நோரீனுக்குத் தெரியவில்லை.

"படி ஒண்ணு போயிடுச்சு நோர். நாளைக்கு வந்து சரிபண்ணித் தரேன்."

"வேணாம். உடைஞ்சது அப்படியே கெடக்கட்டும்."

"பெர்னீஸ் ஏறி இறங்கணுமே?"

"பெர்னீஸ் பின்வாசல் வழியா வருவாங்க. எனக்கு ஒரு படி தாண்டத் தெரியும். நீ உன் ஆத்தைத் தாண்டு."

அவன் தாண்டினான். இல்லினாய்க் கரையில் இவர்கள் ஊரான மார்ஷ் லாண்டிங்கில் ஏறி, பாலம் கடந்து, எதிரே அயோவாவின் கில்பர்ட் பெண்டில் இறங்கினால் ஒன்றரை மைல். வீட்டுச் சாமானெல்லாம் கட்டி வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் டெக்சாஸ், மொன்டானா என்று போவார்கள். ஊரார் கேக் வெட்டி அனுப்புவார்கள். இவனுடைய புது வீட்டுத் தகரக் கூரை நோரீனின் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிந்தது. மரங்கள் இலை உதிர்த்துவிட்டதால் இன்னும் நன்றாகவே தெரிந்தது.

விஷயம் ஒரு ரைஃபிள். அதன் பிடியும் தோட்டாக் கூடும் இன்ன மாதிரி இருந்தால் இல்லினாயில் புதிதாக வாங்க முடியாது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வருஷக் கடைசிக்குள் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. வெர்லினின் ஆறு துப்பாக்கிகளில் ஒன்றுதான் அந்தப் பட்டியலில் சிக்கியது. அவன் அதைக் காகித இலக்கைத் தவிர வேறு எதையும் நோக்கிச் சுட்டதில்லை. ஒரு மானைக்கூட இல்லை. ஆனாலும் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தாலே அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிடும். "அறுபத்திநாலு வருஷத்துல வேகமா வண்டி ஓட்டினதுக்குக்கூட என்னை ஒருத்தன் நிறுத்தினதில்ல. இப்போ நான் திருடன் மாதிரி பேரெழுதிக் கொடுக்கணுமா? என் கை அதுல கையெழுத்துப் போடாது" என்றான். சமையலறை மேசையில் பதினாறு நாள் இதே பேச்சு. பதினேழாவது நாள் நோரீன் அவனை நிலவறைக்கு இழுத்துப்போய், கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் முடிதிருத்தும் உரிமத்தைக் காட்டினாள். "ஒரு கத்தரி பிடிக்க நான் ரெண்டு வருஷத்துக்கொரு தடவை இதைப் புதுப்பிக்கிறேன், வெர்லின். படிவம், வகுப்பு, பரீட்சை எல்லாம். நான் என்ன திருடியா?" அவன் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உன் கையில இருக்கறதைப் புடுங்கணும்னு யாரும் அலையல" என்றான். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அவளுடைய கோபம் துப்பாக்கி மேலும் இல்லை, சட்டத்தின் மேலும் இல்லை. அந்தக் கோபத்துக்கு இருபத்தைந்து வயது. தொண்ணூற்றெட்டில் அவள் அக்கா லாவோன், இதே அயோவாவில், ஆறு நாற்காலி போட்ட ஒரு பெரிய அழகு நிலையம் எடுத்தாள். "வந்துடு, பாதிக்குப் பாதி" என்றாள். நோரீனுக்கு அப்போது முப்பத்தைந்து. ஜன்னலே இல்லாத நிலவறையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தெருவைப் பார்த்த ஆறு பெரிய கண்ணாடிகள் கனவில் வந்தன. வெர்லின் காபிக் கோப்பையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "நான் இல்லினாய்க்காரன் நோர். இங்க பொறந்தேன், இங்கயே புதைங்க" என்றான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் நிலவறைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அக்கா கடையிலிருந்து கழித்துப்போட்ட சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து தரையில் திருகி வைத்தாள். பெண்டாட்டிக்காக ஒரு அடி நகராத மனுஷன், ஒரு ரைஃபிளுக்காக மூன்றே வாரத்தில் மாநிலம் மாறிவிட்டான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. அவனுக்குத் தானாகத் தெரியட்டும் என்று வீம்பாக இருந்தாள். அவனுக்குத் தானாக எதுவும் தெரிவதில்லை என்பது முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரியாததா என்ன.

பனிக்காலம் போயிற்று. தினமும் மாலை ஐந்தரைக்கு எதிர்க்கரைப் படகுத்துறையில் அவன் பிக்கப் வண்டி வந்து நிற்கும். ஹெட்லைட் இரண்டு தடவை மின்னும். சாப்பிட்டாயிற்று, நலம் என்று அர்த்தம். பதிலுக்கு அவள் முன்வாசல் விளக்கை ஒரு தடவை போட்டு அணைத்தால் போதும். அவள் போட்டதே இல்லை. ஐந்தரைக்கு ஜன்னலோரம் நின்று பாத்திரம் தேய்ப்பாளே ஒழிய சுவிட்சைத் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வெறுங்கையோடு பாலம் தாண்டி வந்து, மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, "அங்க உன் நாற்காலிக்கு இடம் ஒழிச்சு வெச்சிருக்கேன், பெரிய ஜன்னலோரமா" என்பான். "என் உரிமம் இந்தக் கரைக்குத்தான் செல்லும்" என்பாள் அவள். அவன் தலையில் முடி காது தாண்டிக் கழுத்தில் புரண்டது. முப்பத்தெட்டு வருஷமாக அவள் கை மட்டுமே பட்ட தலை. அயோவாவில் எவனிடமும் கொடுக்கமாட்டேன் என்று அவன். வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் வெட்டுவேன் என்று அவள். சர்ச்சில் பார்த்தவர்கள் அவன் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள்.

ஏப்ரலில் வடக்கே பனி உருகி ஆறு ஏறியது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலவறையில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் நின்றுபோனது. நோரீன் இறங்கிப் பார்த்தபோது தண்ணீர் கணுக்காலளவு நின்றது. முடி சுருட்டும் பெர்ம் உருளைகள் மிதந்துகொண்டிருந்தன. பிளம்பரைக் கூப்பிட்டாள். தனக்கு முன்னால் பதினோரு வீடு இருக்கிறது என்றான். பம்பைப் பொருத்தியவன் யாரோ அவனைத்தானே கூப்பிட வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வெர்லினைக் கூப்பிட்டாள். அவன் "வரேன்" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டான். பதினான்காவது நிமிஷம் நிலவறையில் முழங்காலிட்டு, சேற்றில் கைவிட்டு, பம்பின் மிதவையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் கேட்கும் முன்பே அவள் ஸ்பேனரை நீட்டினாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்தது.

ரேடியோவில் சொன்னார்கள்: அயோவா பக்கம் பாலத்தடிச் சாலை மூழ்கிவிட்டது, ஒரு மணியோடு பாலம் மூடப்பட்டது, திறக்கும்வரை யாரும் வர வேண்டாம்.

வெர்லின் கையைத் துடைத்த துணியோடு அப்படியே நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன? பம்ப் மறுபடியுமா?"

"நோர்... வண்டில, சீட்டுக்குப் பின்னால, அது இருக்கு."

"எது?"

"அதுதான். சனிக்கிழமைன்னு சுடப் போயிருந்தேன். நீ கூப்பிட்டதும் அப்படியே வந்துட்டேன். யோசிக்கவே இல்ல."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு; முடி உலர்த்தும் கூண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பதியமாட்டேன் என்று எந்த மாநிலத்தை விட்டு ஓடினானோ, அதே மாநிலத்தில், தன் வீட்டு வாசலிலேயே, பதியாத ரைஃபிளோடு நிற்கிறான். பின்னால் பாலத்தை ஆறு எடுத்துக்கொண்டுவிட்டது.

"சிரிக்காத நோர். பிடிச்சா ஜெயில்."

அவள் சிரித்து முடிக்கும் முன்பே வாசலில் போலீஸ் வண்டி நின்றது. ஷெரிஃப் அலுவலகத்து கர்ட். ஐந்து வயதில் இந்தச் சிவப்பு நாற்காலியில் பலகை போட்டு உட்கார்ந்து அழுதவன். இருவரும் மேலே வருவதற்குள் உடைந்த படியை எட்டித் தாண்டி ஏறி வந்துவிட்டான்.

"நோரீன் ஆன்ட்டி, சர்ச்சுக்கிட்ட கரை கசியுது. மணல் மூட்டை ஏத்தணும். வெர்லின் சாரோட வண்டி கெடைக்குமா? சாவி கொடுத்தாப் போதும், நானே ஓட்டிக்கறேன்."

வெர்லின் வாயைத் திறந்தான். அவனை அவளுக்குத் தெரியும். மனுஷன் பொய் சொல்லமாட்டான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையைச் சொல்லித் தொலைப்பான். நோரீன் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டுவதானால் இவனை அவள் திட்டுவாள். அதில் இல்லினாய் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது.

"ஒரு நிமிஷம் இருடா. வண்டில என் சாமான் கெடக்கு."

வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு நேரே வண்டிக்குப் போனாள். சீட்டுக்குப் பின்னால் ரைஃபிள் இருந்த நீளப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, கர்டின் கண்ணெதிரே தூக்கி வந்தாள்.

"என்னது அது? நான் புடிக்கட்டுமா?"

"பெர்ம் உருளை. கீழ விழுந்தா பெர்னீஸ் உன் காதைத்தான் திருகுவாங்க. தள்ளு."

கர்ட் முட்டாளில்லை. அந்தத் துணி மூட்டையைப் பார்த்தான். வெர்லினின் காலரில் புரளும் முடியைப் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டடி ஏறுமாம்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். அவள் பெட்டியை நிலவறையில் உலர்த்தும் கூண்டுக்கு அடியில் வைத்தாள்.

அன்று மாலை மிச்சமிருந்த சூப்பைச் சுடவைத்தாள். ஐந்தரைக்கு எதிர்க்கரையில் எந்த விளக்கும் மின்னவில்லை. மின்ன வேண்டியவன் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்காக நீ அதைச் செஞ்சிருக்க வேண்டாம்" என்றான்.

"உனக்காக இல்ல."

"அப்போ கையெழுத்துப் போடச் சொல்லப்போற."

"நான் எப்பவாவது உன்னைப் போடச் சொன்னேனா? யோசிச்சுச் சொல்லு. பதினேழு நாள்ல ஒரு தடவை? போடாத. உன் கை, உன் இஷ்டம்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "லாவோன் கூப்பிட்டப்போ ஏன் நகரல? அதை மட்டும் சொல்லு. அதே ஆறு, அதே பாலம், அதே அயோவா. எனக்காக உனக்குக் காபிக் கோப்பையை வெச்சிட்டு நிமிர முடியல. இந்த இரும்புக்காக இருபத்திரண்டு வருஷத்து பீரோவைப் பேத்து எடுத்துட்டுப் போன."

வெர்லின் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பம்ப் உறுமிவிட்டு அடங்கியது.

"நீ ரெண்டாந்தடவை கேக்கவே இல்லையே நோர்" என்றான் கடைசியில். "சுண்ணாம்பு அடிச்ச. சரி, ஆசை போயிடுச்சு போலன்னு..."

"போகல."

பாலம் மூடியிருந்த மூன்று நாளும் அவன் சோபாவில் படுத்தான். பகலெல்லாம் சர்ச் கரையில் மூட்டை அடுக்கினான். உடைந்த படியைப் போகவர நின்று நின்று பார்த்தான். சரிபண்ண அவள் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை பாலத்தில் ஒரு வழி மட்டும் திறந்தார்கள். இரு முனையிலும் போலீஸ் நின்று ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி அனுப்பியது. வெர்லின் நிலவறைக்கு வந்து, உலர்த்தும் கூண்டின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"இன்னிக்கு இதை எடுத்துட்டுப் போக முடியாது. இங்கயே இருந்தா உனக்குத்தான் ஆபத்து."

"இருக்கட்டும். யாராவது கேட்டா என்னுதுன்னு சொல்லிக்கறேன். நானும் கையெழுத்துப் போடப்போறதில்ல."

அவன் அவளை, கல்யாணத்துக்கு முன்பு பார்த்ததுபோல, ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு அன்று தண்ணீரில் நின்ற சிவப்பு நாற்காலியை உயர்த்தும் மிதியை அழுத்தினான். அது எழவில்லை. "உள்ள தண்ணி போயிருக்கு. என் கருவியெல்லாம் அந்தக் கரையில. எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சு எண்ணெய் போட்டாத்தான் வேலை செய்யும்."

"சனிக்கிழமை பெர்னீஸ் வருவாங்க. வெள்ளிக்குள்ள வந்தாகணும்."

"சரி" என்றான். தரையில் திருகியிருந்த நான்கு ஆணிகளையும் கழற்றினான். பீரோ கட்டிய அதே வார்களால் நாற்காலியை வண்டியில் கட்டினான். சிவப்பு நாற்காலி பாலமேறிப் போவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். நிலவறையில் வெள்ளைத் தரையின் நடுவே அது இருந்த வட்டம் மட்டும் அழுக்குப் படாமல் இருந்தது.

புதனும் வியாழனும் மாலையில் விளக்கு இரண்டு தடவை மின்னியது. அவள் பாத்திரம் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை வண்டி திரும்பி வரவில்லை. ஐந்தரைக்கு எதிர்க்கரையில் ஹெட்லைட் மின்னியது. அணையவில்லை, எரிந்துகொண்டே இருந்தது. நோரீன் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அவன் வாத்து பார்க்க வைத்திருந்த தொலைநோக்கியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

படகுத்துறையின் சிமெண்டுச் சரிவில், சேறு காய்ந்த இடத்தில், சிவப்பு நாற்காலி நின்றது. வெர்லின் அதில் இந்தக் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தான். ஆறு மாத முடி காற்றில் ஒரு பக்கமாகப் பறந்தது. அங்கே போய் அவள் கத்தரி எடுத்தால் சட்டப்படி சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. அவள் விசாரித்ததும் இல்லை.

"திருட்டு ராஸ்கல்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

நிலவறைக்கு இறங்கினாள். கத்தரியையும் சீப்பையும் தோல் உறையில் சுருட்டினாள். சுவரில் உரிமம் இருந்தது. கூண்டுக்கு அடியில் கறுப்புத் துணி சுற்றிய பெட்டி இருந்தது. இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தோல் உறையோடு மேலே வந்து முன்வாசலைத் திறந்தாள். இரண்டு படி இறங்கி, மூன்றாவது இல்லாத இடத்தின் விளிம்பில் நின்று, வெறுங்கண்ணால் ஆற்றைப் பார்த்தாள். அக்கரையில் அந்தச் சிவப்புப் புள்ளி கொஞ்சம் உயர்ந்தது. மறுபடி கொஞ்சம் உயர்ந்தது. மிதி வேலை செய்கிறது.