பூஜ்யம் கிலோ

என் கணவர் இறந்த பதினாலாவது மாதம், அவருடைய பெல்ட்டுக்கு எடை பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது. முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை, நோய் வராமல் தடுக்கும் பிரிவு. காலை ஒன்பது மணி. வெறும் வயிற்றில்.

பெல்ட்டுக்கு எதுவும் கொடுக்காமல் கூட்டிப்போனேன்.

ஓய்வுபெற்றவர்கள் பதவி வாரியாக வரிசையில் நின்றார்கள். நாயக் ஏகாம்பரம் விலகி இடம் விட்டார். என் கணவரோடு லடாக்கில் இருந்தவர்.

"ஹவில்தார் முன்னால போகணும் அண்ணி. செத்தாலும் சீனியர்தானே."

சுவரில் என் கணவருடைய படம் மாட்டியிருந்தது. 'சிறந்த பயனாளி: தணிகாசலம்.' கீழே எடைகள். எழுபத்தெட்டு, அறுபத்தாறு, ஐம்பத்திரண்டு, முப்பத்தொன்பது. சர்க்கரைக்காக இளைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எடைக்கும் பெல்ட்டில் ஒரு புது ஓட்டை போட்டுக் கை தட்டியவர் உணவு ஆலோசகர் பெஞ்சமின். சோறு இறங்கவில்லை என்று இவர் சொன்னபோதும், "அதான் சார் வேணும்" என்று தட்டினார்.

இப்போது பெல்ட்டைச் சுருட்டித் தராசில் வைத்தார். முள் அசையவில்லை.

"பூஜ்யம். பிரமாதம்."

"அவர் கார்டுல நோய்னு எழுதுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"இது தடுக்குற பிரிவும்மா. இங்க யாருக்கும் நோய் வராது."

"வந்துச்சு. வயித்துல. செத்துட்டார்."

"அது வேற மாடி."

கஞ்சியை முடிக்காமல் கார்டில் எதுவும் எழுத முடியாதாம். மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தார். இவர் பேருக்குப் பதினாலு மாதமாக ஊற்றிவைத்த கேழ்வரகுக் கஞ்சி. மேலே சாம்பல் நிறத்தில் ஏடு. தூங்குகிறவர் வயிறு மாதிரி அது ஏறி இறங்கியது.

"மூக்கப் பிடிச்சுக்குங்க அண்ணி," என்றார் ஏகாம்பரம். "நாங்க அப்படித்தான்."

கையால் அள்ளிக் குடித்தேன். ஏடு தொண்டையில் ஈரத்துணிபோல் தொங்கியது. அடியில் ஒரு பல் கிடைத்தது. துப்பினேன். பெஞ்சமின் அதைத் துடைத்துத் தன் வாயில் பொருத்திக்கொண்டார்.

வாளி காலியானது. என்னைத் தராசில் ஏற்றினார்.

"நாலு கிலோ கூடியிருக்கு. பாருங்க, இதுதான் நோய்."

பேனாவைத் திறந்து அந்த வார்த்தையை எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. என் கார்டில்.

பெல்ட்டை என் இடுப்பில் மாட்டி, முப்பத்தொன்பதாம் கிலோ ஓட்டைவரை இழுத்துக் கட்டினார். வரிசை மொத்தமும் இவர் படத்தைப் பார்த்துக் கை தட்டியது.

பிசுபிசுப்புப் போக உள்ளங்கைகளைத் தேய்த்தேன். ஏடு இரண்டையும் ஒட்டிவிட்டது. இழுத்தும் பிரியவில்லை.

பெஞ்சமின் எழுந்து பதில் வணக்கம் சொன்னார்.