குளிர்ப்பூச்சுக்காரர்

கருணாகரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயம்புத்தூரில் அவர் வேலை பார்த்த பட்டறையில் உலோகத்தை நெருப்பில் உருக்கித்தான் தேய்ந்த பாகங்களின்மேல் பீய்ச்சுவார்கள். உருக்காமலே ஒட்டவைக்கும் குளிர்ப்பூச்சு மெஷின் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு வெளியே வந்து, சொந்தமாக அப்படியொன்றை வாங்கியவர். உருகாத தூள் எங்கேயாவது ஒட்டுமா, நீயே திரும்பி வருவாய் என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலிருந்து இறங்குவதற்குள் நீலகிரி மலையில் கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியிலிருந்து முதல் வேலை வந்தது. இது சொதப்பினால் பழைய வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

இலை நொறுக்கும் மெஷினின் கியர் பெட்டி அலுமினியம். மூடி உட்காரும் விளிம்பு அரித்துப்போய் எண்ணெய் ஒழுகியது. நெருப்புக் காட்டினால் பெட்டி கோணிக்கொள்ளும். கருணாகரனின் மெஷினோ அலுமினியத் தூளைச் சத்தத்தைவிட வேகமாக அடிக்கும். மோதுகிற வேகத்திலேயே தூள் நசுங்கி, உலோகத்தோடு உலோகமாகப் பிடித்துக்கொள்ளும். அடிபடும் இடம் மட்டும் படு சுத்தமாக இருக்கவேண்டும், கைரேகைகூட ஆகாது.

இதை அவர் சொன்ன விதம்தான் சரியில்லை. மணல் அடித்து விளிம்பைச் சுத்தம் செய்ததும் எல்லோரையும் விரட்டாத குறையாகத் தள்ளி நிறுத்தினார். பொட்டு வைக்காமல் எந்த வேலையும் தொடங்காத ஃபேக்டரி அது. வழக்கம்போலக் குங்குமத்தோடு வந்த ஃபிட்டர் ஆண்டிக்கு விஞ்ஞானம் பற்றி ஒரு பிரசங்கமே நடத்தித் திருப்பி அனுப்பினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு மெஷினை முடுக்கினார். அது போட்ட கூச்சலில் மாடியில் காயவைத்திருந்த இலைகூட நடுங்கியிருக்கும்.

பூச்சு வெள்ளியாய் மின்னியது. கருணாகரன் கையுறையைக் கழற்றிவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று உளியை வைத்துத் தட்டினார். வட்டமாக ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அடியில் சிவப்பாகக் குங்குமம்.

எல்லாத் தலைகளும் ஆண்டி பக்கம் திரும்பின. நான் கிட்டவே போகவில்லை என்று அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? ஃபேக்டரி முதலாளி மனோகரன், நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார். பிறகு கருணாகரனிடம் திரும்பினார்.

"தப்பு எங்க ஆளு மேலதானுங்க. உங்க மெஷினுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. மத்த பொட்டிகளையும் நீங்களே செஞ்சு குடுத்துருங்க."

கருணாகரன் ஆண்டியைத் திட்டுவதற்கு விரலை நீட்டினார். நீட்டிய விரலின் நுனி சிவந்திருந்தது.

சட்டைப் பையில் எப்போதும் கோனியம்மன் குங்குமம் வைத்திருப்பவர் அவர். பட்டறையில் எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் ஒரு பொட்டு. கையுறை மாட்டுவதற்கு முன் கண்ணை மூடியது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கை தன் பாட்டுக்கு வைத்துவிட்டது.

விரலை மடக்கிக்கொண்டார். ஒருவரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் வேலையும் கிடைக்கும், பழைய முதலாளியின் சிரிப்பும் அடங்கும். ஆண்டி தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். கருணாகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவரு வெக்கலீங்க. நாந்தான் வெச்சேன்."

விரலைக் காட்டினார். மனோகரன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க வந்த இன்ஜினியருங்க எல்லாம் எங்க ஆளுங்க தலையில பழியப் போட்டுட்டுத்தானுங்க மலை எறங்குனாங்க. நீங்களே மறுக்கா அடிங்க. ஆண்டி, சார் கை மறுபடி பொட்டு வெக்காமப் புடிச்சுக்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, ஆண்டி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி மணல் அடித்ததிலிருந்து கருணாகரனின் வலது மணிக்கட்டைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போகும் பிள்ளையின் கையைப் போலப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை உளி வழுக்கியதே தவிரப் பூச்சு அசையவில்லை. டீ வந்தது. கருணாகரன் இடது கையால் மட்டும் குடித்து முடித்துவிட்டு, இனி விடலாமே என்றார்.

"மொதலாளி இன்னும் விடச் சொல்லலைங்க சார்" என்றார் ஆண்டி.