கரி போன வழி

யுத்தம் பெட்ரோலை உறிஞ்சிவிட்டதால் முத்துக்கருப்பனின் ஆலங்குடி பஸ் கரியில் ஓடியது. வண்டியின் பின்னால் ஓர் அடுப்பு. அதில் கிளம்பும் வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. ஒரு மூட்டை கரி போட்டால் ஒரு படி சாம்பல்தான் மிஞ்சியது. மீதிக் கரியை டிரைவர் சேவுகன் வழியில் விற்றுவிடுகிறான் என்று முத்துக்கருப்பன் முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்து அவனை வேலையை விட்டு அனுப்ப, புதுக்கோட்டை வரைக்கும் அடுப்பின் பக்கத்திலேயே தொற்றிக்கொண்டு போய்வந்தார்.

திரும்பி வந்தபோது அவருடைய நரைத்த மீசை இருபது வயதுக்குப் போயிருந்தது. சாம்பல் மட்டும் அதே ஒரு படி.

“நீங்கதானே காவல் இருந்தீங்க? அப்ப நீங்கதான் வித்தீங்களா?” என்றாள் மனைவி சொர்ணம்.

சேவுகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “கரி எங்கிட்டும் தொலையலைங்க மொதலாளி. காத்தோட சேர்ந்து வாயுவாகி, எஞ்சின்ல எரிஞ்சு, பொகையாப் போயிருச்சு. அம்புட்டையும் பிடிச்சு, சாம்பலோட சேர்த்து எடை போட்டா, போட்ட கரி, சேர்ந்த காத்து, ரெண்டோட எடையும் அப்படியே இருக்கும்.”

“பொகைக்கு ஏதுய்யா எடை?”

“கொஞ்சம் சொமந்துக்கிட்டு வந்திருக்கீங்களே!”

முத்துக்கருப்பன் துண்டை உதறினார். முற்றம் கறுத்தது. சொர்ணம் முறைத்தாள்.

“சந்தேகப்பட்டது என் தப்புதான், சேவுகா. நாளைக்கும் வண்டியை நீதான் எடுக்கணும்.”

“நீங்களும் வாரீகளா?”

“வாரேன். ஆனா முன்சீட்டுல.”